லங்காவியா, புக்கெட்டா: படகை எங்கே நிறுத்திவைப்பது?

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக வடக்கே ஏறும் பாய்மரப் படகுக்காரர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். அந்தமான் கடலில் சில பருவங்கள் சுற்ற வேண்டும், ஆனால் வேலைக்காக ஆள் சிங்கப்பூரில் இருந்தாக வேண்டும். அப்படியானால் படகை எந்த ஊரில் விட்டுவைப்பது? மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் என்ற இரண்டு பெயர்கள்தான் பேச்சில் அதிகம் அடிபடும். இரண்டுக்கும் இடையே சுமார் 120 கடல் மைல் தூரம். நானும் நண்பர்களும் பங்கு போட்டு வைத்திருக்கும் 38 அடிப் படகு இரண்டு இடங்களிலும் நின்றிருக்கிறது. இப்போது லங்காவியில் நிற்கிறது, இனியும் அங்கேதான் இருக்கும். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டென்று தீர்ந்துவிடுகிற விஷயங்களை முதலில் முடித்துக்கொள்வோம். கடலழகில் புக்கெட்தான் மேல். பாங் ஙா விரிகுடாவில் சுண்ணாம்புக் குன்றுகள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். சில தீவுகளின் நடுவே வானம் திறந்த நீர்க்குளங்கள் இருக்கும், குகை வழியாகச் சின்னத் துடுப்புப் படகில்தான் உள்ளே போக முடியும். லங்காவியிலும் சுண்ணாம்புப் பாறைகள் உண்டு, தாயாங் புந்திங் தீவில் நன்னீர் ஏரியே உண்டு. ஆனாலும் பாங் ஙாவின் பிரம்மாண்டம் வேறு. சாப்பாட்டில் இரண்டு ஊருக்கும் குறையில்லை. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, அதனால் சில சரக்குகள் மலிவு. போட்டியில் ஓட்டுகிறவர்களுக்குப் புக்கெட்டில் டிசம்பரில் கிங்ஸ் கப், லங்காவியில் ஜனவரியில் ராயல் லங்காவி ரெகாட்டா.

தமிழர்களாகிய நமக்கு இரண்டு கரைகளிலும் பழைய உறவு உண்டு. லங்காவி இருக்கும் கெடா மாநிலம்தான் 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போன கடாரம். புக்கெட்டுக்கு வடக்கே உள்ள தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவையும் பற்றிப் பேசுகிறது. அதே நீரில் பாய் விரித்துப் போகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். ஆனால் படகை எங்கே நிறுத்திவைப்பது என்பதை இது தீர்மானிக்காது, இரண்டும் சமம்.

புக்கெட்டின் உண்மையான பலம் வேலையாட்கள். பாய் தைப்பவர், எஃகு வேலைக்காரர், தச்சர், இன்ஜின் மெக்கானிக் என்று எல்லாருமே ஒரே தீவில் கிடைப்பார்கள். ரோலி டாஸ்கர் என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் பாய்கள் தயாராவதே புக்கெட்டில்தான். பெரிய மராமத்து, உதாரணமாக டெக் முழுவதையும் பெயர்த்துப் போடும் வேலை இருந்தால், தயங்காமல் அங்கே போங்கள். லங்காவியிலும் நல்ல கைவினைஞர்கள் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு. பருவம் தொடங்கும் நேரத்தில் அவர்களைப் பிடிப்பதே ஒரு வேலை.

மரீனாக்களை, அதாவது படகு நிறுத்தும் துறைகளைப் பொறுத்தவரை, புக்கெட்டில் எது என்று தேர்ந்தெடுக்கும்போது ஏற்றவற்றத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். போட் லகூன், ராயல் புக்கெட் மரீனா இரண்டும் ஊருக்குப் பக்கம், வசதியும் அதிகம். ஆனால் அவற்றுக்குச் சதுப்புக்காட்டை ஒட்டிய ஆழமில்லாத வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் படகைப் போல ஆழமான கீல் (படகின் அடியில் நீண்டிருக்கும் தகடு) உள்ளவை ஏற்றம் வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான். வடகிழக்கே இருக்கும் யாட் ஹேவனும் கிழக்கே இருக்கும் ஆவ் போவும் ஆழமானவை, எந்த நேரத்திலும் நுழையலாம். யாட் ஹேவனில் நீரோட்டம் வேகமாக இழுக்கும், பாண்டூன் என்ற மிதக்கும் மேடையில் ஒட்டும்போது இன்ஜினில் கவனம் வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

லங்காவியில் மூன்று இடங்கள். குவா துறைமுகத்தை ஒட்டிய ராயல் லங்காவி யாட் கிளப்பிலிருந்து கடைத்தெரு கூப்பிடு தூரம், ஆனால் ஃபெரிகள் கிளப்பும் அலை படகை ஆட்டிக்கொண்டே இருக்கும். மேற்கே தெலாகா ஹார்பரில் தண்ணீர் அமைதி, டீசல் அங்கேயே, சுங்கமும் குடிநுழைவும் அங்கேயே. ரெபாக் தனித் தீவு, கடைக்குப் போகக்கூட இன்னொரு படகு ஏற வேண்டும், ஆனால் படகைக் கரையில் தூக்கி வைக்கும் இடம் அங்கே இருக்கிறது. ஒன்றையும் மறைக்கக் கூடாது: 2004 சுனாமியில் தெலாகாவும் ரெபாக்கும் அடி வாங்கின. கிழக்குக் கரையில் இருப்பதால் புக்கெட் மரீனாக்களுக்கு அந்த விதத்தில் பாதுகாப்பு கூடுதல்.

இனி எங்களுக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். படகை ஓட்டும் நாட்களைவிட அது சும்மா நிற்கும் நாட்கள்தான் அதிகம். வார விடுப்பு, பள்ளி விடுமுறை என்று விமானத்தில் வந்துபோகும் எங்களைப் போன்றவர்களுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஆள் இல்லாதபோது படகை நிம்மதியாக விட்டுவிட்டுப் போக முடியுமா?

அந்தக் கேள்வியின் முதல் பாதி, அலுவலகத் தாள் வேலை. தாய்லாந்தில் வெளிநாட்டில் பதிவான படகு தற்காலிக இறக்குமதியாகத்தான் உள்ளே வருகிறது. அதற்குக் கால வரம்பு உண்டு, பொறுப்பு கேப்டன் பெயரில் எழுதப்படும், நீட்டிக்க வேண்டுமானால் சுங்க அலுவலகத்துக்குப் போக வேண்டும். படகில் வந்தவர் விமானத்தில் ஊர் திரும்பும்போது, படகு இங்கே நிற்கிறது என்று குடிநுழைவு அலுவலகத்தில் சொல்லி அதற்கும் ஒரு தாள் வாங்க வேண்டும். புக்கெட்டின் சலோங் துறையில் சுங்கம், குடிநுழைவு, துறைமுக அலுவலகம் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் நுழையும் நாள் சுலபம்தான், அலுவலர்களும் பொறுமையாகப் பேசுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம். சிங்கப்பூரில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தத் தேதி மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். படகு பங்குக்காரர்கள் பலர் பெயரில் இருந்தால் இன்னும் சிரமம், கேப்டனாகக் கையெழுத்துப் போட்டவரே திரும்பி வந்தாக வேண்டும் என்றாகிவிடும்.

லங்காவியில் அந்தத் தேதி எங்களைத் துரத்தவில்லை. நுழையும்போது முந்தைய துறைமுகத்தின் கிளியரன்ஸ் (புறப்பாட்டு அனுமதித் தாள்), படகுப் பதிவுச் சான்று, பணியாளர் பட்டியல், பாஸ்போர்ட்டுகள் கேட்டார்கள். இத்தனை நாளுக்குள் படகை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நண்பர்களில் யார் வேண்டுமானாலும் விமானம் ஏறி வந்து சாவியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விதிகள் மாறக்கூடியவை, நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் மரீனா அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மறு பாதி, தண்ணீர். இந்த வெதுவெதுப்பான கடலில் அசையாமல் நிற்கும் படகின் அடியில் சில வாரங்களிலேயே பாசி படியும், அப்புறம் புரொப்பெல்லரில் பார்னக்கிள் என்ற ஓட்டு உயிரி ஒட்டும். ஆன்ட்டிஃபவுலிங் பெயின்ட் இதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. கடல்நீர் உள்ளே வரும் குழாய் ஒன்று பழுதானாலும் ஆளில்லாத படகு மூழ்கக்கூடும். ஆகவே தென்மேற்குப் பருவ மாதங்களில் படகைக் கரையில் ஏற்றி வைப்பதுதான் எங்களுக்குச் சரியாக வருகிறது. ரெபாக்கில் அது மனத்துக்கு இதமான அனுபவம். படகைத் தூக்கி, அடியைப் பீச்சிக் கழுவி, முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். சில்லறை வேலைகளை எங்கள் கையாலேயே செய்ய விட்டார்கள். வரியில்லாத் தீவு என்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, கயிறு இழுக்கும் வின்ச்சின் உதிரிகளுக்குச் சுங்க வரி கட்டவில்லை. பார்சல் வந்துசேர நாள் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புக்கெட்டிலும் கரையேற்றும் இடங்கள் உண்டு, போட் லகூனில் பெரிய யார்டே இருக்கிறது. நாங்கள் கேட்டபோதெல்லாம் மாத வாடகை லங்காவியைவிடக் கூடுதலாகவே சொன்னார்கள், உச்சப் பருவத்தில் இடம் கிடைப்பதும் அரிது. ஆனால் அங்கே நாங்கள் தங்கியது வாடைக்காற்று மாதங்களில் மட்டுமே. மழைக்காலத்தில் அங்கே படகை விட்டுப்போவது எப்படி என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, அங்கே வருடம் முழுக்க வைத்திருக்கும் சிலர் திருப்தியாகவே பேசுகிறார்கள். இரட்டை உடல் கொண்ட கட்டமரான் படகு வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆழம் குறைவு என்பதால் அவர்களுக்குப் போட் லகூன் வாய்க்கால் அவ்வளவு தொல்லை தராது, அகலம் அதிகம் என்பதால் மரீனா கட்டணம் வேறு மாதிரி வரும்.

லங்காவியில் படகை வைத்தால் புக்கெட் கைநழுவிப்போய்விடாது, எங்களுக்குப் பிடித்ததே அந்த ஏற்பாடுதான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெலாகாவில் கிளியரன்ஸ் வாங்கிக்கொண்டு தருதாவ், கோ லிப்பே, கோ ரோக், பீ பீ என்று தீவு தீவாகத் தாவி வடக்கே போகலாம். தாய்லாந்து நீரில் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும், நுழைவுப் பதிவு முடிந்தபின் அதை இறக்கிவிட்டு அந்நாட்டுக் கொடியை ஏற்ற வேண்டும். பீ பீ லே தீவில் மாயா விரிகுடா 2018இல் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இப்போதும் விரிகுடாவுக்குள் படகு போக அனுமதியில்லை, பின்புறம் லோ சாமாவில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். பவளத்தின் மேல் நங்கூரம் போடாமல் மிதவைகளில் கட்டுங்கள். பாங் ஙாவில் மனம் நிறையச் சுற்றிவிட்டு, காற்று தென்மேற்குக் கச்சானுக்குத் திரும்புவதற்குள் தெற்கே இறங்கிவிடலாம்.

ரெபாக்கில் கரையேற்ற வேண்டுமானால் மே மாதத்துக்கு வெகு முன்பே எழுதிக் கேளுங்கள், பருவம் முடியும்போது எல்லாரும் அதே வாரங்களைத்தான் கேட்பார்கள். ஜனவரி ரெகாட்டா வாரத்தில் லங்காவிக்குள் நுழைவதாக இருந்தாலும் படகு நிற்கும் பெர்த்தை முன்கூட்டியே உறுதிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.