குன்னூர் ஈரத்துக்கு எந்த பேஸ் ஆம்ப்?

வீட்டில் பேஸ் கிட்டார் பழக இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: கரண்டில் ஓடும் சின்ன காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப், லேப்டாப்போடு, கிட்டார் ஒலியை அதற்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ். குன்னூரில் எங்கள் சபையின் பாட்டுக்குழுவில் நான் பேஸ் வாசிக்கிறேன். மூன்றையும் தொட்டுப் பார்த்த பிறகு 25 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சாதாரண காம்போ ஒன்றை வாங்கினேன். மலையில் இருக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதற்கு ஒலி பாதிக் காரணம்கூட இல்லை, ஈரம்தான் காரணம்.

ஒலியை முதலில் முடித்துவிடலாம். பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அடிக்குரலை 8 அங்குல ஸ்பீக்கரால் வலுவாகத் தர முடியாது. அதன் மேல் எழும் 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டு, விட்டுப்போன அடிக்குரலை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்சு க்ரஷ் பேஸ் 25 போன்ற 8 அங்குலக்காரர்களைவிட 10 அங்குல ரம்பிள் 40 கனமாக ஒலிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் அந்தக் கனத்தைத் திறந்துவிட இடம் எங்கே? தகரக் கூரை வீட்டில் ஏதோ ஒரு ஸ்வரத்துக்குத் தகடு கூடவே அதிரும், ஜன்னல் கண்ணாடியும் எவர்சில்வர் பாத்திரமும் சேர்ந்துகொள்ளும். தேயிலைத் தோட்டத்து லயன் வீடென்றால் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர், விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அங்கே சீக்கிரமே படுத்துவிடுவார்கள். இரவில் ஹெட்போன்தான் கதி. அந்த 41 ஹெர்ட்ஸும் நல்ல ஹெட்போனில்தான் முழுதாகக் கேட்கும். எனவே எந்த ஆம்ப் எடுத்தாலும் ஹெட்போன் ஜாக் இருக்கிறதா என்று பாருங்கள். சுருதி சேர்க்க ட்யூனர், பாட்டுப் போட்டுக் கூட வாசிக்க ஒரு ஆக்ஸ் துளை ஆகியவை இருந்தால் நல்லது. க்ரஷ் பேஸில் ட்யூனர் உள்ளேயே வருகிறது.

இனி ஈரம். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் பக்கம் நனைகிறது, வடகிழக்கில் குன்னூரும் கோத்தகிரியும் நனைகின்றன. மழை விட்டாலும் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். துணி காயாது, தோல் செருப்பில் பூசணம் பூக்கும், கேமரா லென்ஸைக்கூட அது விடாது. ஆம்ப் மட்டும் எப்படித் தப்பும்?

முதலில் பாதிக்கப்படுவது திருப்பும் நாப்கள்தான். வால்யூம் நாப்புக்குக் கீழே கரித்தடம் ஒன்றின் மேல் ஒரு சின்ன உலோக முனை வழுக்கிப் போகிறது. ஈரமும் தூசியும் அங்கே படிந்தால் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று இரையும். அடுத்தது ஹெட்போன் ஜாக். பிளக்கைச் செருகியதும் ஸ்பீக்கரை அடக்கும் தகடு ஒன்று பல ஆம்ப்களில் அதற்குள் இருக்கிறது. பிளக்கை உருவியதும் அந்தத் தகடு திரும்பவும் தொட வேண்டும். அதில் களிம்பு ஏறிவிட்டால் ஹெட்போனில் ஒலி கேட்கும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆம்பை அணைத்துவிட்டு பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

சாதாரண காம்போவின் பக்கம் நான் சாய்வது இதனால்தான். அதில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் நாப், ஜாக், ஃப்யூஸ், தளர்ந்த ஒயர் என்ற அளவில் நின்றுவிடும். மின்பொருளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரும் சால்டரிங் அயர்னும் இருந்தால், டிவி ரிப்பேர் செய்யும் உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். என் ஆம்பின் கரகரப்பை நான் உட்கார்ந்திருக்கும்போதே சரிசெய்து கொடுத்தார் எங்கள் பஜார் மெக்கானிக். (நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.) பல ஆம்ப்களின் குரலைத் தனக்குள் வைத்திருக்கும் டிஜிட்டல் ஆம்ப் வாசிக்க இனிமையானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டிவரும். அதற்கு மலையிறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி கோவை போக வேண்டும், அங்கும் ஆகாவிட்டால் பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது.

பராமரிப்பு என்று நான் செய்வது கொஞ்சம்தான். ஆம்பைத் தரையில் வைக்காமல் பலகை மேல், வெளிச்சுவரை ஒட்டாமல் வைக்கிறேன். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த பெட்டி நீர் குடித்தால் உப்பிவிடும், பிளைவுட் அவ்வளவு கெடாது. பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் மரத்தரை வழியாக அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்குவதும் குறையும். மாதக்கணக்கில் மூடி வைப்பதைவிட, தினமும் கொஞ்ச நேரம் ஆன் செய்து வாசிப்பது நல்லது. அந்தச் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும், எல்லா நாப்பையும் ஒருமுறை முழுதாகத் திருப்பிவிட்டால் தடமும் தேய்ந்து சுத்தமாகும். துணியுறை போடுங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். சிலிக்கா ஜெல் பைகளைப் பக்கத்தில் வைக்கலாம். நீலம் ரோஸாக மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் லேசாகச் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும். சித்திரை, வைகாசி இடிமழையில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரி ஆம்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஆறு ஏஏ பேட்டரி போட்ட பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பேஸ் பாடிக்கொண்டே இருக்கும். அது 3 வாட், 3 அங்குல ஸ்பீக்கர், பாட்டின் வரிசையை மனப்பாடம் செய்யப் போதும். வலது கைவிரலின் அழுத்தம் மாறுவதை மட்டும் அதில் கேட்டு அறிய முடியவில்லை, எனக்கு அது பெரிய குறை. கிட்டாரிலேயே செருகி ஹெட்போனில் கேட்கும் வாக்ஸ் ஆம்ப்ளக் இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும், விடுதியில் இருப்பவர்களுக்கு ஏற்றது. வாசிக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் இந்த ஈரத்தில் முனைகள் பச்சை பிடித்துவிடும். இவற்றை நான் நண்பரிடம் இரவல் வாங்கித்தான் வாசித்தேன், ஒரு மழைக்காலம் முழுக்க என்னிடம் இருந்ததில்லை. ஆகவே ஆயுளைப் பற்றி உறுதி சொல்லமாட்டேன். ஐந்து தந்தி பேஸும் நான் வாசிப்பதில்லை. அதன் பி தந்தி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்குவதால், அதை வாசிப்பவர்கள் 10 அங்குல ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

லேப்டாப் வழி, ஏற்கெனவே ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு. பஃபரை, அதாவது லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை, குறைத்து வைக்காவிட்டால் விரலுக்கும் காதுக்கும் இடையே தாமதம் விழும். தாளத்தோடு ஒட்டிப் போக வேண்டிய பேஸுக்கு அது ஆகாது.

பழைய ஆம்ப் வாங்குவதானால், விற்பவர் வீட்டிலேயே எல்லா நாப்பையும் முனைக்கு முனை திருப்பிக் கேளுங்கள். ஹெட்போன் பிளக்கைச் செருகி உருவி, ஸ்பீக்கர் உடனே பேசுகிறதா என்று பாருங்கள். முன்துணியை மோந்து பாருங்கள், பூசண வாடை அடித்தால் உள்ளே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஈரம் குடித்திருக்கும். பெட்டியின் அடிமூலை உப்பியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.