ஆன்டிக் என்று சொல்லிப் புதுப்பொருளைத் தலையில் கட்டுகிறார்கள்: பரிசு வாங்குபவர்கள் கவனத்துக்கு

பண்டிகைக்கு யாருக்காவது பழைய காலத்து வீட்டுப் பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். நான் பல வருடமாக அப்படித்தான் கொடுத்து வருகிறேன். ஆனால் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த முறை என்னிடம் விற்றவர், விற்ற மூன்று பொருளிலும் பொய் சொன்னார். அதில் ஒரு பொய் உடம்பைப் பாதிக்கக்கூடியது.

சித்தப்பாவுக்கு ஒரு மேஜைக் கடிகாரம், அக்காவுக்கு நீலப் பூ போட்ட பீங்கான் தட்டுகள், தோழிக்கு ஒரு தேநீர்க் கெண்டி. மூன்றும் ஆன்லைனில் ஒரே ஆளிடம் வாங்கியவை. கடிகாரம் 1880இல் செய்தது, தட்டுகள் 200 வருடப் பழமை, கெண்டி சுத்த வெள்ளி. இதையெல்லாம் அவரே எழுத்தில் சொன்னார். அடிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். “பேக் பண்ணியாச்சு மேடம், இனிமேல் பிரித்தால் பண்டிகைக்குள் வந்து சேராது” என்று பதில் வந்தது. கெண்டிக்கு மட்டும் ஒரு வீடியோ அனுப்பினார். காந்தம் கெண்டியில் ஒட்டாமல் நழுவி விழுகிறது. அதுதான் வெள்ளி என்பதற்கு ஆதாரமாம்.

முதலில் மாட்டியது கடிகாரம். நேரம் பிந்தி ஓடுகிறது என்று சித்தப்பா அதைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் பின்மூடியைத் திறந்தவுடனேயே சொல்லிவிட்டார், இது பழசு இல்லை என்று. உள்ளே இருந்தவை எல்லாம் தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூக்கள். இன்று நாம் பார்க்கும் அந்த ஸ்க்ரூவுக்கு ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1936இல். 1880இல் செய்த கடிகாரத்துக்குள் அது எப்படிப் போகும்? பின்னாளில் பழுதுபார்த்தவர் ஒன்றிரண்டை மாற்றியிருந்தால் ஒத்துக்கொள்ளலாம். இதில் சட்டத்தை இணைக்கும் ஸ்க்ரூவிலிருந்து எல்லாமே அந்த வகை. மரப்பெட்டியின் கறுப்பும் மேற்பூச்சுதான். கைபடும் கதவோரத்தில் தேய்மானமே இல்லை, கைபடாத பின்பக்கத்தில் அழகாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். கெண்டியின் அடியில் நான்கு சின்னக் கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி முத்திரை மாதிரியே இருக்கும். சேர்த்துப் படித்தால் ‘ஈ.பி.என்.எஸ்.’. நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது என்று பொருள். பெயரில் சில்வர் இருந்தாலும் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். மேலே ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே வெள்ளி. அந்த உலோகமும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்த வீடியோ எதையுமே நிரூபிக்கவில்லை. பித்தளை முலாம் பூசிய இரும்பைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம் உதவும். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். முலாம் பூசிய கெண்டிகளிலும் உண்மையிலேயே பழையவை உண்டு, அவற்றை நான் விரும்பி வாங்குவேன். முலாமை வெள்ளி என்று சொல்லி வெள்ளி விலை வாங்குவதைத்தான் மோசடி என்கிறேன்.

தட்டுகள்தான் என்னை அதிகம் கோபப்படுத்தின. அடியில் ‘மேட் இன்’ என்று தொடங்கி நாட்டின் பெயரோடு முத்திரை இருக்கிறது. இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டு, அது 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஏற்றுமதிப் பீங்கான்களில் நாட்டின் பெயர் பரவலாக வரத் தொடங்கியது. ‘மேட் இன்’ என்று முழுதாக எழுதுவது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். 200 வருடப் பழமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேற்பூச்சில் ஓடிய பழுப்பு நிற விரிசல் கோடுகளை ஈரப் பஞ்சால் துடைத்தேன், நிறம் பஞ்சில் வந்துவிட்டது. பழசாகக் காட்டச் சாயம் தேய்த்திருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் பணம் போனதோடு போயிருக்கும். “இதில் தாராளமாகச் சாப்பிடலாம்” என்றும் அவர் எழுதியிருந்தார். அக்கா வீட்டில் குழந்தைகளுக்கு அதில்தான் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பீங்கானின் மேற்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, பழையதிலும் உண்டு, எங்கே செய்தது என்று தெரியாத போலியிலும் உண்டு. புளிப்பான உணவு பட்டால் அது அதிகமாகக் கசியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். கடையில் கிடைக்கும் தேய்ப்புச் சோதனைக் குச்சி நிறம் மாறவில்லை என்பதற்காகப் பயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள், ஆய்வகத்தில் கசிவுச் சோதனை செய்தால்தான் உறுதி. அதுவரை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடிக் குடுவைகளில் பானங்களை நிரப்பி நாள்கணக்கில் வைப்பதும் கூடாது.

இருட்டில் ஒளிரும் எண்கள் போட்ட பழைய அலாரக் கடிகாரங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் சிலவற்றுக்குக் கதிர்வீச்சு வெளியிடும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். இப்போது ஒளிரவில்லை என்றால் ரேடியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஒளிரும் பொருள்தான் செயலிழந்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1600 வருடம். கண்ணாடியைத் திறந்து துடைக்கவே வேண்டாம்.

சரி, பணம் என்ன ஆயிற்று? பரிசு என்பதே இவர்களுக்குப் பெரிய வசதி. நாம் வாங்கி மூடி வைக்கிறோம், பெறுபவர் பிரிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடுகிறது. குறை தெரிந்தாலும் கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று பெறுபவர் வாய் திறப்பதில்லை. விற்றவரிடம் நான் கேட்டபோது, முதலில் “ஸ்க்ரூவை நீங்களே மாற்றியிருப்பீர்கள்” என்றார். அப்புறம் ரசீதில் இருந்த ‘பழங்கால பாணி’ என்ற வார்த்தையைக் காட்டினார். பேசும்போது 1880, ரசீதில் வெறும் பாணி! பிறகு பதிலே இல்லை.

கடிகாரத்துக்குக் கார்டில் பணம் கட்டியிருந்ததால், விவரித்தபடி பொருள் இல்லை என்று வங்கியில் புகார் கொடுத்தேன். பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுத்த குறிப்பையும், ஸ்க்ரூக்களின் படத்தையும், 1880 என்று விற்றவர் அனுப்பிய செய்தியையும் இணைத்தேன். அந்தத் தொகை திரும்பி வந்தது. தட்டுகளுக்கும் கெண்டிக்கும், தளத்தின் கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி நேராகத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். தளத்துக்கு வெளியே நடந்த விற்பனைக்குப் பொறுப்பேற்க முடியாது என்று தளம் கைவிரித்துவிட்டது. அந்தப் பணம் இன்னும் வரவில்லை. ஆண்டையும் உலோகத்தையும் ரசீதிலேயே எழுதித் தராதவரிடம், தளத்துக்கு வெளியே பணம் கேட்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பரிசைக் கட்டும் முன் அடிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் நீங்களே நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

அந்தக் கடிகாரத்தின் படம் வேறொரு தலைப்பில், அதே 1880 என்ற ஆண்டோடு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. தளத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். யாராவது அதை வாங்க விலை பேசிக்கொண்டிருந்தால், பின்மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.