சுவிஸ் பனிச்சரிவு அறிக்கை: எண்ணுக்குக் கீழே படியுங்கள்

சுவிட்சர்லாந்து மலைகளில், தயார் செய்த பாதையை விட்டு விலகி ஸ்கீ போட்டுப் போகிறவர்கள் முந்தின நாளே பார்க்க வேண்டியது, டாவோஸ் நகரத்து எஸ்எல்எஃப் என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கை. கட்டணம் இல்லை. குளிர்காலம் முழுக்க தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும், நான்கு மொழிகளில் வருகிறது. அந்த நிறுவனத்தின் ஒயிட் ரிஸ்க் செயலியிலும் இதே அறிக்கைதான். சேவையில் பெரிய குறை சொல்ல முடியாது. நாம் படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

திறந்ததும் வண்ண வரைபடமும் ஆபத்து நிலையைச் சொல்லும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணும் தெரியும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று மனசு கணக்குப் போடுகிறது. அளவுகோல் அப்படிச் சமமாக ஏறுவதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து மடங்குகளில் கூடுகிறது. குளிர்கால நாட்களில் சுமார் 30 சதவீதம்தான் நிலை 3, உயிரிழப்பிலோ ஏறக்குறைய பாதி அந்த நாட்களில்தான். 4 என்றால் ஆட்கள் அடங்கிவிடுவார்கள். 3 அன்று வெயில் அடித்தால் கிளம்பிவிடுவார்கள். 2022 டிசம்பர் முதல் எண்ணோடு -, =, + குறிகளும் வருகின்றன: அந்த நிலையின் அடிப்பகுதி, நடு, மேல்பகுதி என்று பொருள். 2+, 3- இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு; 3-க்கும் 3+க்கும் நடுவே ஒரு தெருவே இருக்கிறது.

எண்ணுக்குக் கீழே ஒரு திசை வட்டமும் உயரமும் இருக்கும். வடமேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கு வரை கறுப்படித்து, 2200 மீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தால், அந்த எண் அங்கேதான் பொருந்தும். மற்ற திசைகளில் பொதுவாக ஒரு நிலை குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது தோராயம். எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு கணக்குப் பார்க்க அல்ல.

அதற்கும் கீழே பிரச்சினையின் வகை. இதைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். காற்று குவித்த பனி என்றால் பெரும்பாலும் கண்ணுக்குப் படும்: முகட்டுக்குப் பின்புறம், பள்ளங்களில் திண்டு போலக் கிடக்கும், சுற்றிப் போய்விடலாம். பழைய பனியில் பலவீன அடுக்கு என்று போட்டிருந்தால் கதையே வேறு. பனி குறைவான முன்குளிர்காலத்தில், நிழல் சரிவுகளில், பனித்துகள்கள் சர்க்கரை மாதிரி ஒட்டாமல் உதிரியாகிவிடும். அதன் மேல் புதுப்பனி மூடினால் வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். மேலே கெட்டியாகத் தெரியும். பனி மெலிந்த இடத்தில், பாறையை ஒட்டி, ஒருவர் மிதித்தாலே போதும். உடைவு பக்கவாட்டில் ஓடி முழுச் சரிவையும் அவிழ்த்துவிடும். காலடியில் 'வும்' என்று அடங்குகிற சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், புதிதாகச் சரிந்த தடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அறிக்கை 2 என்று சொன்னாலும் அங்கே நிலைமை 3க்குக் குறையாது.

நிலை ஒவ்வொன்றும் குறைந்தது சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்புக்கானது. உங்கள் சரிவு போகத் தக்கதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஸ்விஸ்டோப்போ என்ற அரசு நில அளவை அலுவலகத்தின் இணைய வரைபடத்தில் சரிவுக் கோண அடுக்கைப் போட்டுப் பாருங்கள்: 30 பாகையிலிருந்து மஞ்சள், 35க்கு மேல் ஆரஞ்சு, 40க்கு மேல் சிவப்பு. மலை வழிகாட்டி வெர்னர் முன்டரின் எளிய விதி: நிலை 2இல் 40 பாகைக்குக் கீழ், 3இல் 35க்குக் கீழ், 4இல் 30க்குக் கீழ். சரிவின் சராசரி எடுக்கக் கூடாது, மிகச் செங்குத்தான துண்டின் கோணம்தான் கணக்கு. நிலை 3இல் நீங்கள் போகும் தடம் மட்டுமல்ல, தலைக்கு மேலே இருக்கும் சரிவும் சேர்த்தி. காகித வரைபடம்தான் கையில் என்றால்: 1:25,000 அளவில், 20 மீட்டர் இடைவெளி உயரக் கோடுகள் 1.4 மில்லிமீட்டருக்கும் நெருக்கமாக வந்தால் 30 பாகையைத் தாண்டிவிட்டது.

குறை என்று சொன்னால் இரண்டு. வாக்கியங்கள் முன்பே எழுதி வைத்த தொகுப்பிலிருந்து எடுக்கப்படுவதால், நாளுக்கு நாள் ஒரே மாதிரி ஒலிக்கும். மாறிய ஒரு சொல் கண்ணில் படாமல் போகும். நேற்றைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. இன்னொன்று, வசந்தகாலத்தில் விடியுமுன் கிளம்புகிறவருக்குக் காலை 8 மணித் திருத்தம் பாதி மலையில்தான் கிடைக்கும். அவர்கள் கிளம்பும்போது தானியங்கி நிலையங்களின் பனி உயரம், காற்று அளவுகளைத் தாங்களே பார்க்க வேண்டும். பலத்த காற்று, கடுங்குளிர் போன்ற பாதகமான சூழலில் 10 முதல் 20 சென்டிமீட்டர் புதுப்பனியே நிலை 3க்குப் போதும்.

ஒயிட் ரிஸ்க் செயலியின் கோணமானி உபயோகமானது. ஸ்கீ கோலைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் போனை வைத்தால் கோணம் தெரியும். அளந்த பிறகு போனைப் பனிச்சரிவு டிரான்சீவரிலிருந்து (பனியில் புதைந்தவரைத் தேட உதவும், உடம்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி) தள்ளி வையுங்கள்: சிக்னல் அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர். நெருங்கினால் போனின் மின்காந்த இரைச்சல் 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் குழப்பிவிடும்.