வீட்டில் காபி வறுக்க: கை உருளையா, பாப்கார்ன் மெஷினா?

கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கிற பல வீடுகளில்கூட டிக்காஷன் இறங்குவது கடைத்தூளில்தான். விளைந்ததை ஓடு நீக்காத கொட்டையாக, அதாவது பார்ச்மென்டாகவே வியாபாரியிடம் போட்டுவிட்டு, தூளைக் காசு கொடுத்து வாங்குவோம். எங்கள் வீட்டில் இந்த அறுவடையோடு அதை நிறுத்தினோம். எதில் வறுப்பது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் அடுப்பின் மேல் வைத்துக் கையால் சுற்றும் உருளையைத்தான் எடுத்தோம். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

இரும்புச் சட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, செலவில்லை. ஒரு கைப்பிடி வறுத்துப் பழக நல்லது. ஆனால் எவ்வளவு கிளறினாலும் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும்.

பாப்கார்ன் மெஷினுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. சூடான காற்றில் கொட்டை சுழல்வதால் நிறம் சீராக வரும். ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை மெஷினே ஊதி வெளியே தள்ளிவிடும். பால் சேர்க்காமல் குடிக்க, இளவறுவலாக வேண்டுமென்றால் உருளையை விட இதுதான் சுலபம். ஆனால் ஒரு ஈட்டுக்கு 100 கிராம் போட்டாலே அதிகம். அரைக் கிலோவுக்கு ஐந்து ஈடு, நடுநடுவே மெஷின் ஆற வேண்டும்.

வோல்ட்டேஜ் இன்னொரு தலைவலி. 230 வோல்ட்டில் 1,200 வாட் இழுக்கும் சூட்டுக்கம்பி, 190-க்கு இறங்கினால் ஏறக்குறைய 820 வாட்தான் தரும். மழைக்காலச் சாயங்காலங்களில் எங்கள் பக்கம் அது சர்வசாதாரணம். வெளியே குளிர், உள்ளே சூடு போதாது. கொட்டை வறுபடாமல் வெந்துபோய்ச் சப்பென்று இருக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது இதுகூட இல்லை, பராமரிப்புதான். சோளம் பொரிய இரண்டு மூன்று நிமிடம் போதும் என்று கணக்குப்போட்டுச் செய்த மெஷின் அது. காபிக்கு அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஓட வேண்டும், அதுவும் ஈடு மேல் ஈடாக. முதலில் போவது, சூடு மிஞ்சினால் கரன்ட்டை வெட்ட உள்ளே இருக்கும் தெர்மல் ஃப்யூஸ். அதைத் தேடி வத்தலக்குண்டு இறங்க வேண்டும். அங்கேயும் கிடைக்காவிட்டால் திண்டுக்கல். உருளையில் தேய்வது இரண்டே இடம்: அச்சு சுற்றும் புஷ், கதவின் கீல். வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்துவிடும். கரன்ட் இல்லாவிட்டாலும் கேஸிலோ கரியிலோ வறுக்கலாம்.

உருளையிலும் பார்த்து வாங்க வேண்டியது உண்டு. ஓட்டை போட்ட உருளை வேண்டாம். தோல் முழுக்க அடுப்பில் கொட்டி, பர்னர் துளைகளை அடைத்துவிடும், புகையும் அதிகம். மூடிய உருளையில் தோல் உள்ளேயே நிற்கும், பிறகு முறத்தில் புடைத்தால் போய்விடும். உள்ளே குறுக்குத் தகடுகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டை புரளாமல் வழுக்கிக்கொண்டே போகும். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ஐப்பசி மழையில் இரண்டே நாளில் துரு ஏறும். சூடு ஆறும் முன் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மூடிய உருளையில் நிறம் தெரியாது என்பார்கள். உண்மைதான், காதைத்தான் நம்ப வேண்டும். பத்து நிமிடத்தை ஒட்டி, கொட்டையின் சூடு 200 டிகிரியை நெருங்கும்போது படபடவென்று முதல் வெடிப்பு கேட்கும். அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில், மெல்லிய சடசடப்பாக இரண்டாவது தொடங்கும். ஃபில்டர் காபிக்கு அந்தச் சடசடப்பு ஆரம்பித்ததுமே இறக்கி, முறத்தில் பரப்பிக் காற்றில் ஆற விடுங்கள். அரைக் கிலோ போட்டால் 420 கிராம் அளவில் நிற்கும். பழத்துக்கு ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளையும் பீபெரியாக இருந்தால் இன்னும் சீராக உருளும்.

மின்சாரத்தில் ஓடும் சின்ன டிரம் மெஷின்களும் வருகின்றன. நண்பர் வீட்டில் அதில் வறுத்த காபி நன்றாகவே இருந்தது. வருஷக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று சொல்லுமளவுக்கு நான் பழகவில்லை. விலையோ பல மடங்கு.

எதை வாங்கினாலும் பார்ச்மென்ட் ஓட்டை முதலில் நீக்க வேண்டும். வீட்டளவுக்கு உரலில் மெதுவாகக் குத்திப் புடைத்தாலே போதும். உருளை அரைக் கிலோ பிடிப்பதாகவே இருக்கட்டும். ஒரு கிலோ உருளைக்கு வீட்டு அடுப்பின் தீ பற்றாது.