வண்ண இறால் ‘ப்ரீடிங் செட்’ வாங்கப் போகிறீர்களா? என் 8,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி அந்த செட்டை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டிலேயே கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண இறால் வளர்த்து, குட்டி எடுத்து விற்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்த பிறகு பணம் அனுப்புங்கள். நான் கொடுத்தது 8,500 ரூபாய். பார்சல் கூலி தனி. எப்படி ஒழுங்காக ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் போடப் போவதில்லை. ரீல்ஸ் போட்டு ஆள் பிடித்து, வாட்ஸ்அப்பில் பேசி, பஸ் பார்சலில் தெர்மாகோல் பெட்டி அனுப்பும் ரகம். இந்த ரகத்தில் ஒன்றல்ல, நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள்.

“ரெயின்போ ப்ரீடிங் செட்” என்று விளம்பரம். சிவப்பு 10, நீலம் 10, மஞ்சள் 10. அதில் ஐந்து பெண் இறால் முட்டையோடு வரும். கூடவே ஸ்பாஞ்ச் ஃபில்டர், பாசி, பாக்டீரியா பவுடர், தீவனம். போனஸாக ஒரு ஜோடி அமானோ இறால், “அதுவும் குட்டி போடும்” என்ற வாக்குறுதியோடு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தூண்டில்: குட்டிகளை ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்து அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம், ‘பைபேக்’ என்று அதற்குப் பெயர்.

நான் உடனே விழவில்லை. ஈரோட்டுக்காரரான என் மாமியார், “திரும்ப வாங்கிக்கிறேன்னு சொன்னா ஈமு கோழி மாதிரிதான் ஆகும்” என்று அப்போதே சொன்னார். 2012இல் அந்தப் பக்கம் ஈமு பண்ணைகளில் பணத்தைப் போட்டுவிட்டு ஊர் ஊராகப் போராடியவர்களை அவருக்கு நேரில் தெரியும். அதனால் வீடியோ கால் கேட்டேன். தயங்காமல் வந்தான். வரிசையாகத் தொட்டிகள். ஒரு பெண் இறாலைக் கண்ணாடி ஓரத்துக்கு வரவைத்து கேமராவைக் கிட்டே கொண்டுபோனான். வயிற்றுக்கு அடியில் கொத்துக் கொத்தாக மஞ்சள் முட்டை. அதன் குட்டிக் கால்கள் ஓயாமல் விசிறிக்கொண்டே இருந்தன. “பாருங்கக்கா, முட்டைக்குக் காத்து போகணும்னு அது விசிறுது. முப்பது நாள்ல குஞ்சு. நம்ம சாப்பாட்டு இறால் மாதிரி இதுக்குக் கடல் தண்ணி வேணாம்” என்றான். இதெல்லாம் நிஜம். சந்தேகம் போனது அதனால்தான். விஷயம் தெரிந்தவன், பொறுமையாகச் சொல்லித் தருகிறான் என்று நினைத்தேன். பின்னால் அவன் அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. குடும்பஸ்தர்கள் நடத்தும் தொழில், போகட்டும் என்று அன்றைக்கே 8,500 ரூபாயை அனுப்பினேன்.

“மூணு கலரையும் ஒரே தொட்டியில விடலாமா?” என்று தனியாகக் கேட்டேன். “தாராளமா விடுங்கக்கா, எல்லாம் ஒரே ஜாதிதான், சண்டையே போடாது” என்று வாய்ஸ் நோட்டில் பதில் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி திருச்சிக்கு வந்தபோதே நான்கு இறால் செத்துச் சிவந்து கிடந்தன. முட்டையோடு இருந்தது ஒன்றே ஒன்று. பிரிக்கும்போது எடுத்த வீடியோவை அனுப்பினேன். “நடுவுல கட் ஆகியிருக்குக்கா, கட் ஆன வீடியோவுக்கு க்ளெய்ம் கிடையாது” என்றான். பெட்டியின் டேப்பை அறுக்கக் கத்தி எடுக்கப் போன நேரம்தான் அந்தக் ‘கட்’. முட்டை எங்கே என்றதற்கு, “பயணத்துல உதிர்த்திருக்கும், சேடில் இருக்கும் பாருங்க” என்றான். பெண் இறாலுக்கு முதுகில், தலைக்குப் பின்னால், சேணம் போட்ட மாதிரி பச்சை மஞ்சளாக ஒரு திட்டு தெரியும். சினைப்பையில் முட்டை உருவாகிறது என்று அர்த்தம். வயிற்றின் அடிப்பகுதியும் வளைந்து இறங்கியிருக்கும். ஆண் ஒல்லியாக, நேர்க்கோடாக, வெளிறி இருக்கும். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஒல்லிதான். தன்னிடம் வேண்டாம் என்று கழித்த ஆண்களையெல்லாம் பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறான்.

சரி, இருக்கும் சில பெண் இறாலாவது போதும் என்று வளர்த்தேன். குட்டியும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பாசியைத் தூக்கிப் பார்த்தால் எறும்பளவுகூட இல்லாத, கண்ணாடி போன்ற உடம்போடு, ஆனால் மீசை, கால், வால் எல்லாம் முழுசாக வைத்துக்கொண்டு தொற்றிக்கொண்டிருந்தன. என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குத்தான் போவான்.

குட்டிகள் வளர வளர நிறம் ஏறும் என்று காத்திருந்தால், சேற்று நிறம்தான் ஏறியது. சிலதுக்கு முதுகில் வெளிறிய ஒரு கோடு. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

இதுதான் அவன் சொல்லாமல் விட்ட விஷயம். சிவப்புச் செர்ரி, நீலம், மஞ்சள், ஆரஞ்சு எல்லாமே நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனம். தைவான், சீனா பக்கத்து ஓடைகளில் இருக்கும் பழுப்பு நிற இறாலில் இருந்து, நிறம் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துப் பிரித்தவை. கலந்து விட்டால் சண்டை போடாது, உண்மைதான். சேர்ந்து குட்டி போடும். அந்தக் குட்டிகள் பெரும்பாலும் பழைய பழுப்புக்கே போய்விடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ப்ரீடர் என்று போர்டு மாட்டியவனுக்கு இது தெரியாதா?

போனஸ் அமானோ இன்னும் கேவலம். ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோ தொட்டிப் பாசியைத் தின்ன வைக்கப் பிரபலப்படுத்திய இறால் அது. முட்டை போடும். ஆனால் வெளியே வரும் நுண்ணிய லார்வாக்கள் உப்புத் தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. நம் நன்னீர்த் தொட்டியில் அந்த ‘ஜோடி’ ஆயுசு முழுக்க முட்டை சுமந்தாலும் ஒரு குட்டி மிஞ்சாது.

குட்டிகளின் படத்தை அனுப்பி எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். முதலில் “இன்னும் வளரட்டும்கா”. அப்புறம் “வெயில்ல கலர் வராது, மழை வரட்டும்”. அப்புறம் “உங்க தண்ணி டிடிஎஸ் என்ன?” தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு அது. 230 என்று மீட்டரோடு படம் எடுத்து அனுப்பினேன். நியோ இறாலுக்கு அது சரியான அளவுதான். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு வந்தது: “எங்க பாலிசிப்படி ப்யூர் லைன் மட்டும்தான் எடுப்போம் மேடம். நீங்க மிக்ஸ் பண்ணிட்டீங்க.”

நான் மிக்ஸ் பண்ணினேனாம்! மூன்று நிறத்தையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றது யார்? அந்த வாய்ஸ் நோட்டைத் தேடினேன். சாட்டில் அவன் அதை அழித்திருந்தான். நல்லவேளை, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அதை ஃபார்வர்ட் செய்திருந்தேன். திருப்பி அவனுக்கே போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அதோடு விட்டானா? மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “கிரிஸ்டல் ரெட் செட் 12,000 மேடம், இதை எடுத்தா உங்க பழைய 8,500-ஐ பைபேக்ல அட்ஜஸ்ட் பண்ணிடுவோம்” என்கிறாள். கிரிஸ்டல் என்பது காரிடினா என்ற வேறு வகை இறால். 24 டிகிரிக்கு மேல் போகாத, அமிலத்தன்மை கொண்ட, மென்மையான தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அளந்து தாது கலக்க வேண்டும், தனி மண் வேண்டும். திருச்சி மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது எத்தனை நாள் தாங்கும்? பட்டவளையே மறுபடி பிடித்துப் பிழியப் பார்க்கிறார்கள். 8,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று அவனிடமே சொன்னேன். “குடுத்துக்கோங்க” என்று ஒரு வார்த்தை. அதோடு பிளாக். இன்று காலையிலும் வீட்டுக்காரர் போனில் அதே பக்கம், அதே ரெயின்போ செட், “3 செட் மட்டுமே உள்ளது” என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

மீன் வளர்க்கும் தெரிந்த ஒருவரிடம் பெட்டியில் வந்ததையெல்லாம் காட்டினேன். கடையில் தனித்தனியாக வாங்கினால் இரண்டாயிரத்துக்குள் முடியும் என்றார். 8,500!

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள். ஒரே நிறம், பத்துப் பதினைந்து சின்ன இறால், நேரில் பார்த்து வாங்குங்கள். முழு வளர்ச்சி அடைந்ததைத் தள்ளிவிடுவார்கள், அதன் மொத்த ஆயுசே ஒன்றிரண்டு வருடம்தான். பவுடர் போட்டு மறுநாளே இறாலை விடாதீர்கள். ஃபில்டரை ஓடவிட்டு, தண்ணீரில் இறாலுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், டெஸ்ட் கிட்டில் பார்த்துவிட்டு விடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து சொட்டுகூட வேண்டாம். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள். பைபேக் என்று எவன் சொன்னாலும், பழைய ஆளிடம் குட்டி வாங்கிப் பணம் போட்ட ரசீது கேளுங்கள். டேப்பை அறுப்பதிலிருந்து வீடியோ ஒரே ஓட்டமாக இருக்கட்டும், கத்தியை முதலிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் நோட்டை வேறொரு நம்பருக்கும் அனுப்பிவைத்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. பண மோசடிக்கு 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. நான் இரண்டுக்கும் பேசிவிட்டேன், ஸ்க்ரீன்ஷாட்டெல்லாம் பிரிண்ட் எடுத்தாயிற்று. அந்த ‘3 செட்’டில் ஒன்றுக்கு யாராவது பேசிக்கொண்டிருந்தால் இன்றைக்கு அட்வான்ஸ் போட்டுவிடாதீர்கள்.