பருவநிலைப் படப்புத்தகங்கள்: முப்பதாவது வாசிப்பில் தெரிவது

பருவநிலை மாற்றம் பற்றிய படப்புத்தகத்தைக் கடையில் புரட்டிப் பார்த்து எடை போட முடியாது. முதல் வாசிப்பில் எல்லாமே அழகுதான். நாலு வயதுக் குழந்தை “இன்னொரு தடவை” என்று முப்பது தடவை கேட்ட பிறகுதான் எந்தப் பக்கம் தவறாகப் பதிகிறது என்பது புரியும்.

முதலில், கரியமில வாயுவைப் பூமியின் போர்வையாகக் காட்டும் பக்கத்தைப் பாருங்கள். உவமை நல்லதுதான்: வெயில் தரையைச் சூடாக்குகிறது, தரை விடும் வெப்பத்தைக் கரியமில வாயு பிடித்துக்கொள்கிறது. ஓவியர்தான் சறுக்குவார். ஒரே நிற அம்பை உள்ளே விட்டு, அதையே போர்வையில் முட்டித் திரும்ப வைப்பார். வரும் வெளிச்சம் மஞ்சள், கிளம்பும் வெப்பம் சிவப்பு என்று நிறம் மாறியிருந்தால் தேறும். அதே பக்கத்தில் ஓசோன் ஓட்டை வழியாக வெப்பம் நுழைவதுபோல் வரைந்திருந்தால் புத்தகத்தை அப்படியே வைத்துவிடுங்கள். ஓசோன் படலம் மெலிந்து புற ஊதாக் கதிர் நுழைவது வேறு சங்கதி. ஐந்து வயதில் விழுந்த அந்த ஓட்டை லேசில் அடைபடாது.

அடுத்த சிக்கல் பனி. மிதக்கும் கட்டிமேல் கரடி, பக்கத்தைத் திருப்பினால் மூழ்கும் வீடு. குழந்தை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். கடலில் மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் ஏறுவதில்லை என்றே சொல்லலாம். கிரீன்லாந்து, அண்டார்டிகா போல நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகி வந்து சேர்வதாலும், சூடேறிய கடல்நீர் விரிவதாலும்தான் ஏறுகிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். ஒரே அளவில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் தட்டையான கல்லை வைத்து, அதன் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றி, கல்மேல் நாலு ஐஸ் கட்டி. மற்றதில் வெறும் தண்ணீர், அதில் நாலு கட்டி. கட்டிகளைப் போட்ட பிறகுதான் நீர்மட்டத்தில் மார்க்கர் கோடு போட வேண்டும். பலர் முன்பே போட்டுவிட்டு, இரண்டிலும் நீர் ஏறிவிட்டதே என்று விழிப்பார்கள். மிதக்கும் கட்டி அடியைத் தொட்டாலும் கணக்குத் தப்பும். தண்ணீர் ஆழமாக இருக்கட்டும். கட்டி முழுக்க உருகும்வரை குழந்தை உட்காராது, இடையில் வேறு வேலை கொடுங்கள்.

கரடியும் பென்குயினும் ஒரே பாறையில் நின்றால் ஒன்று வடக்கு, மற்றது தெற்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பெற்றோருக்கான கடைசிப் பக்கத்தில் எண்களைப் பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ‘இப்போது 380’ என்று இருந்தால் அது 2005 வாக்கில் எழுதியது. கதைக்குக் கெடுதல் இல்லை, எண்ணை மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்ளலாம்.

‘நீ விளக்கை அணைத்தால் பூமி பிழைக்கும்’ என்று முடியும் புத்தகங்கள் நாளாக ஆகச் சலிக்கின்றன. அதைவிட மோசம், விளக்கு எரிந்து கிடந்த நாளில் குழந்தை தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறது. பெரியவர்கள் சேர்ந்து வேலை செய்வதாகப் படம் முடிவது எவ்வளவோ மேல். காட்டுத்தீப் பக்கத்தைக் குழந்தை இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டினால் பயந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தாளும் கட்டும்: திறந்து மூடும் மடல் வைத்த பக்கம்தான் முதலில் கிழியும். ஸ்டேப்ளர் பின் அடித்ததில் நடுத்தாள் கழன்றுவிடும், நூலால் தைத்தது தாங்கும். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், மஞ்சளாகிப் பசை கசியும். மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டி, புத்தகத்தை ஓர் இரவு பாரம் வைத்து விட்டாலே போதும்.