மூன்று வருடமாக எங்கள் வீட்டில் டாக்கோ மசாலா

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குக் குடிவந்த புதிதில் கடையில் எடுத்தது டாக்கோ (சோள ரொட்டியில் கறியை மடித்துத் தின்னும் மெக்சிகோ பண்டம்) செய்வதற்கான மசாலாத்தூள், ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். 28 கிராம். ஒரு பவுண்டு கொத்துக்கறிக்கு ஒரு பொட்டலம், முக்கால் கப் தண்ணீர் என்று பின்பக்கம் போட்டிருந்தது. நான் அதைப் படித்தேனே தவிர, சமைத்தது என் பழக்கப்படிதான். எண்ணெய் காய்ந்ததும் தூளைக் கொட்டி வதக்கினேன், கறியைச் சேர்த்தேன், உப்பும் போட்டேன். தூள் அடிப்பிடித்துக் கருகியது, கறியோ வாயில் வைக்க முடியாத உப்பு.

நம் குழம்புத்தூளில் உப்பு இருக்காது. இதில் உப்பு, சர்க்கரை, சோளமாவு மூன்றுமே இருந்தன. மாவு இருப்பதால்தான் கடைசியில் கறியோடு ஒட்டிக்கொள்ளும் கெட்டியான மசாலா கிடைக்கிறது. எண்ணெயில் நேராகப் போட்டால் சீக்கிரம் கருகுவதற்கும் மாவும் சர்க்கரையும் காரணம். கறியை வதக்கி, கொழுப்பை வடித்துவிட்டு, தூளையும் தண்ணீரையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

அப்புறம் பெரிய டப்பாவுக்கு மாறினேன். மாவு சேர்க்காத கலவை. சேமிப்பதாக நினைத்தேன். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்ததால் ஆவி பட்டுக் கட்டி கட்டியாகிவிட்டது, ஏழெட்டு மாதத்தில் மிளகாயின் சிவப்பும் வெளுத்தது. ஆள் குறைவான வீட்டுக்குப் பெரிய டப்பா வேண்டாம் என்பேன்.

கறியைவிட இந்த மசாலா எனக்குப் பிடித்துப்போனது உருளைக்கிழங்கில். துண்டு போட்டு, எண்ணெயும் தூளும் பிரட்டி ஓவனில் வாட்டினால் ஒரு தட்டு நிமிடத்தில் காலியாகும். வேகவைத்த கறுப்பு பீன்ஸிலும் நன்றாகச் சேர்கிறது, இறக்கியதும் எலுமிச்சை பிழியவேண்டும். ஒருமுறை தேங்காய்ப்பால் விட்ட கோழிக் குழம்பில் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி மெக்சிகோவின் புவெப்லா ஊர்க்காரர். பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் வீட்டில் இப்படி ஒரு தூளே கிடையாதாம். காய்ந்த மிளகாயைக் கோமாலில் (நம் தோசைக்கல் போலத்தான் இருக்கிறது) வாட்டி, ஊறவைத்து அரைப்பதுதான் வழக்கம். பொட்டல மசாலா டெக்சஸ் சங்கதி. இங்கே நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் 1890களில் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் விற்கத் தொடங்கிய மிளகாய்ப்பொடியின் வழிவந்தது. சீரகம் தூக்கலாக இருப்பதும் இந்தப் பக்கத்துக் கைமணம்தான்.

அவர் சொன்ன பிறகு நானே கலக்க ஆரம்பித்தேன். ஆஞ்சோ மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்று, ஒரிகானோ ஒன்று, பூண்டுத்தூளும் புகையூட்டிய பாப்ரிக்காவும் (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) அரை அரை. உப்பு சமைக்கும்போது மட்டும். ஆஞ்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்லானோ என்ற மெக்சிகோ மிளகாய். காரம் குறைவு, உலர்திராட்சை போல லேசான இனிப்பு வாசம். காஷ்மீரி மிளகாயைப் போட்டுப் பார்த்தேன், நிறம் வந்தது, அந்த வாசம் வரவில்லை.

ஒரிகானோவிலும் ஏமாந்திருக்கிறேன். பீட்சாவில் தூவுவது புதினா குடும்பம். மெக்சிகோ ஒரிகானோ வேறு செடி, நம் உண்ணிச்செடியின் குடும்பம், எலுமிச்சை வாசம் கொஞ்சம் இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, “என்னடி இது, கற்பூரவல்லியக் காயவெச்ச மாதிரி இருக்கு?” என்றார். தப்பில்லை. கற்பூரவல்லிக்கும் இதற்கும் அந்த மணத்தைத் தருவது பெரும்பாலும் கார்வக்ரால், தைமால் என்ற அதே எண்ணெய்ப் பொருள்கள்தாம். அம்மா அதோடு விடவில்லை, அடுத்த முறை ஒரிகானோவுக்குப் பதில் ஒரு சிட்டிகை ஓமத்தை நுணுக்கிப் போட்டார். பீன்ஸில் நன்றாகவே இருந்தது, ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் பஜ்ஜி வாசம் வந்துவிடும்.

பொட்டலத்தை முழுக்க விட்டுவிடவில்லை. வேலை முடிந்து இரவு ஏழரைக்கு வீடு திரும்பும் நாளில் மிளகாயை வாட்டி ஊறவைக்க எனக்குத் தெம்பில்லை. இப்போது உப்பு குறைத்த வகையாகப் பார்த்து வாங்குகிறேன், அதிலும் முக்கால் பொட்டலம்தான் போடுவது.